உள்மூடி

கேட்டது ஒரு பெட்டி.
பன்னிரண்டு அங்குல நீளம், ஊதா நிறம்,
மேலே 'மாதேசன் சில்வர்ஸ், சிவதாபுரம்'.
மயில் வேண்டாம், லட்சுமி வேண்டாம்,
"எல்லாரும் அதைத்தான் போடுறாங்க."
எழுத்து மட்டும் தங்க ஃபாயிலில்.
டிசைன் கூலி ஆறாயிரத்தில் ஆரம்பித்து
நாலரையில் வந்து நின்றது.

அவர் பட்டறையில் போய் உட்கார்ந்தது
அந்த நாலரைக்குள் இல்லை.
சும்மாதான் போனேன்.
அங்கே பொடி வைத்து ஊதுகிறார்கள்,
பேச்சில் இல்லை, நிஜமாகவே.
நீலத் தீ நுனியில்
ஒரு வளையம் இன்னொன்றோடு சேர்கிறது.
மூலையில் தனித்தட்டு ஒன்று
யாரும் தொடாமல் நிறைந்துகொண்டிருந்தது.
"என்னங்க அது?"
"ஓங்கோல்ல இருந்து திரும்பினது.
இது ஹூப்ளி. இது நம்ம ஓமலூரு.
கால் அளவு தெரியாமலே கேக்குறாங்க,
போற கூரியர் என் காசு,
வர்ற கூரியரும் என் காசு."

மூன்று மணி நேரம். ஒரு டீ.

பெட்டியின் உள்மூடி
எப்போதும் வெள்ளையாகவே கிடக்கும் இடம்.
அதில் ஓர் அளவுகோல் வரைந்தேன்,
ஐந்திலிருந்து பதினொன்று வரை.
'நூலைக் கணுக்காலில் சுற்றுங்கள்,
இங்கே வைத்துப் பாருங்கள்,
அந்த எண்ணைச் சொல்லுங்கள்.'
தமிழிலும் தெலுங்கிலும்.
தெலுங்கைத் திருத்தியது
கீழ்த்தள ஜெராக்ஸ் கடை ரமணம்மா.
அவருக்கு இரண்டு முறுக்கு.

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில்
முதல் பிரதி வந்தது.
ஒரு நூல் பிசகியிருந்தது அளவு.
அன்வர்தீன் சொன்னார்:
"பெட்டிக்குள்ள யாரு பாக்கப்போறா?"
பொய் சொல்லும் அளவுகோலை விட
வெறும் அட்டை மேல் என்றேன்.
புதுப் பிளேட் என் செலவு.

மாதேசன் மூடியைத் திறந்தார்.
"இது நான் கேக்கலையே?"
"காசு சேர்க்கலைங்க."
கத்தரிக்காயில் ஓட்டை தேடுகிற மாதிரி
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நன்றி என்ற சொல்
அந்தப் பட்டறையில் உருக்கப்படுவதில்லை.

பலன் இருந்ததா என்பதை
கூரியர் பையன் குணாளன் சொல்லித்தான் அறிந்தேன்.
"அவருக்கு இப்ப ரிட்டர்னே வரதில்லைக்கா."
அவன் குரலில் லேசான வருத்தம்.

ஆடி பிறக்கும் முன் மறுபடி போன்.
"மெட்டிக்கு ஒரு பெட்டி. சின்னது.
கூலி அதேதான்.
இந்தத் தடவை உள்ளே என்ன போடுவீங்க?"

கொசுறாகக் கறிவேப்பிலை வாங்கிப் பழகியவர்
கட்டு சிறுத்துப்போனால்
கடைக்காரியை முறைப்பது நியாயம்தானே.
பழக்கியது நான்.
இரவெல்லாம் கோபம் வந்தது,
அவர் மேல் கொஞ்சம்.
ஜன்னலில் சேர்வராயன் மலை இல்லை, இருட்டு.
ஒரு லாரியின் வெளிச்சம் மட்டும்
வளைவுக்கு வளைவு தோன்றித் தோன்றி மறைந்தது.

பில்லில் ஒரு வரி கூட்டினேன்:
பட்டறையில் உட்கார்ந்து பார்த்தது — ரூ. 1,500.
அழித்தேன். எழுதினேன்.
மறுபடி அழித்து எழுதி
கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

"உக்காந்ததுக்காங்க?"
"ஆமாங்க."
போனில் ஊதுகிற சத்தம் மட்டும்.
"அப்ப நான் குடுத்த டீ?"

ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு
வந்து விழுந்தது.

பத்து ரூபாய்க்குச் சிரித்து முடித்ததும்
மெட்டிப் பெட்டியின் உள்மூடியை
இந்த முறை வெள்ளையாகவே
விட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன்.
ஆனால் அன்று பார்த்தேனே,
பட்டறை வாசலில் ஒரு பெண்
ஒற்றை மெட்டியை உள்ளங்கையில் வைத்து
இதற்கு ஜோடி கிடைக்குமா என்று கேட்டதை.
அவளிடம் மாடல் எண் இல்லை.
இவர்களுக்கும் ஞாபகம் இல்லை.

'ஒன்று தொலைந்தால்
இந்த எண்ணைச் சொல்லுங்கள்.
ஒன்று மட்டும் அனுப்புகிறோம்.'

எழுதிவிட்டேன்.
இதை பில்லில்
எந்த வரியில் சேர்ப்பது?